கக்கனை அந்தத் தரையிலிருந்து எழுப்புங்கள்

பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



கல்வி வளர்ச்சி நாளையொட்டி எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். தலைப்பு ‘எளிமையின் சிகரங்கள்’. பதினோரு பிள்ளைகள் பேசினார்கள். அதில் ஏழு பேர் முன்னாள் அமைச்சர் கக்கனை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மேலூர்ப் பக்கம்தான் சொந்த ஊர். பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் மண்ணின் மனிதரைப் பற்றிப் பேச ஏழு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்றதும் பூரித்துப்போய் உட்கார்ந்தேன்.

ஏழு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மதுரை அரசு மருத்துவமனை. முதல்வர் எம்.ஜி.ஆர்., மதுரை மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வருகிறார். திரும்பும்போது, கக்கனும் இங்கேதான் பொது வார்டில் இருக்கிறார் என்று யாரோ சொல்கிறார்கள். பதறிக்கொண்டு போய்ப் பார்க்கிறார். மாநிலத்தின் முன்னாள் உள்துறை அமைச்சர் தரையில் படுத்திருக்கிறார். இந்த இடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குரலைத் தழைத்தாள். லேசாக முழங்காலை மடக்கி, வலது கையை விரித்து, மேடைத் தரையைக் காட்டினாள். “இதோ, இப்படி ஒரு தரையில்” என்றாள். முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டேன். முதல் பரிசு அவளுக்குத்தான்.

கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கியவளைக் கூப்பிட்டு, “அமைச்சரா இருந்தப்போ கக்கன் என்னம்மா செஞ்சாரு?” என்று கேட்டேன். மடக்குவதற்காகக் கேட்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசிய பிள்ளைக்கு இன்னும் நாலு விஷயம் தெரிந்திருக்கும், கேட்கலாமே என்ற ஆசை. அவள் பக்கத்தில் நின்ற தன் ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எளிமையா இருந்தாரு சார்.”

அந்தப் பதில் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கொடுத்ததை அவள் மனசார மனப்பாடம் செய்து, உயிரோடு பேசினாள். எழுதிக் கொடுக்கிறவர்கள் நீங்கள். வகுப்பு, தேர்வுத்தாள், அலுவலக வேலை எல்லாவற்றுக்கும் நடுவே, கூலியோ பாராட்டோ எதிர்பார்க்காமல் ராத்திரி உட்கார்ந்து உரை எழுதி, மாலையில் பிள்ளைகளை நிறுத்திப் பழக்குகிறவர்கள். அந்த உழைப்பு எனக்குத் தெரியும், அதை மதிக்கிறேன். அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன். போட்டியில் பேசக் கிடைப்பது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் கக்கன் நிற்கிறாரா, நடக்கிறாரா, கையெழுத்துப் போடுகிறாரா, கிடக்கிறாரா என்பதை உங்கள் பேனாதான் முடிவு செய்கிறது. பல வருஷமாக நாம் அவரைக் கிடத்தியே வைத்திருக்கிறோம்.

மருத்துவமனைச் சம்பவம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு உரையில் பாய் வரும், இன்னொன்றில் வெறுந்தரை வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பொது வார்டில் அவர் இருந்தார். முதல்வர் பார்த்துக் கலங்கினார். அதற்குப் பிறகு அரசு அவருக்கு உதவிகள் செய்தது. 1981 டிசம்பர் 23ஆம் தேதி கக்கன் காலமானார். இது அவருடைய கடைசிக் காலத்தில் நடந்தது. அதற்கு முன்னால் எழுபது வருஷம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தும்பைப்பட்டியிலிருந்து தொடங்குங்கள். மேலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கும் ஊர். கக்கனின் அப்பா பெயரும் கக்கன்தான்; ஊர்க் கோயிலில் பூசாரி. அதனால்தான் ‘பூ. கக்கன்’. இந்த ஒரு எழுத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள். அம்மனுக்கு விளக்கேற்றிப் பூசை வைக்கிற மனிதரின் மகன் அவர். அந்தக் குடும்பத்துக்கு மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசல் திறக்காது. ஏன்? அவர்கள் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர்கள்.

ஏழு உரையிலும் இந்த வார்த்தை வரவில்லை. ஒருவர்கூடச் சொல்லவில்லை. ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்தார்’ என்று ஆறு பேர் சொன்னார்கள். ஏழாவது பிள்ளை ‘எளிய குடும்பம்’ என்றது. போட்டி முடிந்து தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “மேடையில சாதிப் பேச்சு எதுக்குங்க சார், யாராவது ஏதாவது சொல்லிட்டா பள்ளிக்கூடத்துக்குத்தான் தலைவலி” என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு அவர் அனுபவிப்பது என்னவென்று வெளியே இருக்கும் எனக்குத் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன். சாதியை எடுத்துவிட்டால் கக்கன் வாழ்க்கையில் நடந்தவற்றுக்குக் காரணமே இல்லாமல் போகிறது. அவர் ஏன் கோயிலுக்குள் போனது செய்தியாயிற்று என்று எந்தப் பிள்ளைக்கும் புரியாது. ஏழை யார் வேண்டுமானாலும் மீனாட்சியைப் பார்க்கலாமே அன்றைக்கு! பார்க்க முடியாதவர்கள் வேறு ஆட்கள்.

1939 ஜூலை 8. இந்தத் தேதியை உங்கள் உரைகளில் பார்த்திருக்கிறேன். வரும் வாக்கியம் எப்போதும் ஒன்றே: ‘வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்டோரைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்.’ மதுரைக் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் பெரிய மனிதர். அந்தக் காரியத்துக்காகச் சொந்தச் சாதியாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர். அவர் பெருமையில் ஒரு குன்றிமணி குறைக்க எனக்கு மனசு வராது. ஆனால் அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள். அய்யர் அழைத்துச் செல்கிறார். மற்றவர்கள் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வினை இல்லை.

உள்ளே போனவர்கள் ஆறு பேர். தாழ்த்தப்பட்டோர் ஐந்து பேர், நாடார் ஒருவர். கக்கனுக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். அய்யருக்குத் துணையாக அரசும் காங்கிரசும் நகரத்துப் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். இந்த ஆறு பேர் அன்று மாலை எங்கே திரும்பிப் போனார்கள்? அவரவர் தெருவுக்கு. பெரிய கோயிலுக்குள் போய்வந்தவன் என்று தெரிந்தால் ஊரில் கிணறு என்ன ஆகும், வேலை என்ன ஆகும், ராத்திரி வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று தெரிந்துதான் அவர்கள் அந்தப் படியில் கால் வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். மீனாட்சியே கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வேறு இடத்தில் வழிபாடு நடத்தியவர்களும் உண்டு. ராஜாஜி அரசு அதே மாதத்தில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதைச் சட்டமாக்கித்தான் உள்ளே போனவர்களையும் விட்டவர்களையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆறு பேர் சாமி கும்பிட்டதற்கு ஒரு மாகாணமே சட்டம் இயற்றியது.

இன்னொன்றும் இருக்கிறது. காந்தி மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனது 1946இல். எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் போக மாட்டேன் என்று இருந்தவர் அவர். கக்கனும் மற்றவர்களும் நடந்த வழியில் ஏழு வருஷம் கழித்துத்தான் காந்தி நடந்தார். இதை ஒரு பிள்ளை மேடையில் சொன்னால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். கண்ணைத் துடைக்க வைப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் மேலூர்ப் பக்கத்துச் சேரிகளில் அவர் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் வயலில் நிற்கிற ஆளுக்கும் ராத்திரியில்தான் கை ஓயும். அரிக்கன் விளக்கைச் சுற்றி உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. உங்கள் தொழிலைச் செய்தவர் அவர். நீங்கள் அவரை உங்களில் ஒருவராகவே சொல்லலாம்.

1942இல் வெள்ளையனே வெளியேறு. மேலூர்க் காவல் நிலையத்தில் வைத்து அவரை அடித்த அடியை எங்கள் ஊரில் பழைய ஆட்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சிறைக்கும் போனார். இந்தக் காவல் நிலையத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப இங்கே வர வேண்டியிருக்கிறது.

1946இல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் ஆனார். இதை உங்கள் உரைகள் ஒரு வரியில் கடந்து போகின்றன. கொஞ்சம் நின்று பாருங்கள். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு, இன்று நாம் 17ஆவது பிரிவு என்று சொல்வது, அந்தச் சபையில் நிறைவேறியது 1948 நவம்பர் 29ஆம் தேதி. கோயில் படியேறியதற்கும் இதற்கும் நடுவே பத்து வருஷம்கூட இல்லை. எந்த வழக்கம் தும்பைப்பட்டிப் பூசாரியின் மகனை வாசலில் நிறுத்தியதோ, அந்த வழக்கத்தைக் குற்றமாக்கிய சபையில் அந்த மகனே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரசியல் சட்டத்தைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1952இல் மதுரையிலிருந்து நாடாளுமன்றம். அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி முறை இருந்தது. ஒரே தொகுதியில் இரண்டு பேர் வெல்வார்கள். ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. மதுரையில் பாலசுப்ரமணியமும் கக்கனும் வென்றார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பு கக்கனிடம் வந்தது. காமராசர் உட்கார்ந்த நாற்காலி அது. கட்சியைக் கையில் வைத்திருந்ததால்தான் காமராசர் காமராசர் ஆனார் என்பது அரசியல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தை யாரிடம் கொடுப்பது என்று அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். ‘எளிமைக்காக’ யாரும் யாரையும் மாநிலக் கட்சித் தலைவராக ஆக்குவதில்லை. ஊர் ஊராகப் போகத் தெரிய வேண்டும், நாலு கோஷ்டியை ஒரு அறையில் உட்காரவைக்கத் தெரிய வேண்டும், சொன்னால் கேட்கிற ஆட்கள் வேண்டும். அரசியல்வாதி என்ற சொல்லையே கக்கனுக்குப் பக்கத்தில் வைக்க நம் உரைகள் கூசுகின்றன. அவர் அரசியல்வாதிதான். நல்ல, தேர்ந்த, கட்சி நடத்தத் தெரிந்த அரசியல்வாதி.

இனி என் துறைக்கு வருகிறேன்.

அன்றைய போட்டியில் ஒரு பையன், ‘மேட்டூர் அணையைக் கட்டிய மாமனிதர் கக்கன்’ என்று முழங்கினான். கைதட்டல் பலமாக வந்தது. மேட்டூர் அணை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி முடிந்தது, 1934. கக்கன் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். இந்தத் தப்பு எங்கோ ஒரு கட்டுரையில் ஏறி, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, இப்போது பல இடத்தில் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் நோட்டில் இருந்தால் இன்றைக்கே அடித்துவிடுங்கள். செய்யாததைச் சொல்லிப் புகழ வேண்டிய தேவை அவருக்கு இல்லை. செய்தது நிறைய இருக்கிறது.

1957இல் மேலூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போய்ப் பொதுப்பணித் துறை அமைச்சரானார். 1962 வரைக்கும் அந்தத் துறை அவரிடம். அந்த ஆண்டுகள் தமிழ்நாட்டில் அணைகளின் காலம். சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி, மணிமுத்தாறு என்று ஒவ்வொன்றாக முடிந்து தண்ணீர் தேங்கிய வருஷங்கள். அதில் எங்களுடையது வைகை அணை. 1959 ஜனவரியில் திறந்தார்கள். ஒரு அணையை ஒரு ஆள் கட்டுவதில்லை. வேலை அவர் அமைச்சராவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பொறியாளர்கள், மேஸ்திரிகள், மண் சுமந்த பெண்கள், எல்லோர் வியர்வையும் அதில் இருக்கிறது. ஆனால் பாதியில் நிற்கிற வேலையை முடிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பொதுப்பணித் துறையில் ஒரு கடைநிலை ஊழியனைக் கேட்டாலும் சொல்வான். நிதி ஒதுக்கீடு வர வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் நிற்க வேண்டும், கோப்பு நகர வேண்டும். துறை அமைச்சர் தூங்கினால் எல்லாம் தூங்கும்.

வைகை அணை மேலூருக்கு என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முல்லைப் பெரியாறு அணை 1895இல் வந்தது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் வைகையில் இறங்கி, பேரணையில் மறித்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக எங்கள் பக்கம் வரும். ஆனால் நடுவில் தேக்கி வைக்க இடம் இல்லை. வந்தபோது வாங்கிக்கொள்ள வேண்டும். வராதபோது வானத்தைப் பார்க்க வேண்டும். வைகை அணை அந்த நடு இடத்தில் ஒரு குதிர் மாதிரி உட்கார்ந்தது. 71 அடி வரை தேக்கினால் 6,091 மில்லியன் கன அடி. இன்றைக்கும் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம், சுமார் 45,000 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோகம், ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். அணையில் எத்தனை அடி என்று காலையில் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் நாற்றங்காலில் கை வைப்பார்கள்.

என் அப்பா கடைமடை விவசாயி. தண்ணீர் வரும் நாளில் நாங்கள் கால்வாய்க் கரையில் போய் நிற்போம். முதலில் தண்ணீர் வராது. நுரை வரும், நுரையோடு சருகு, செத்தை, வாய்க்காலில் குடியிருந்த நண்டும் தேளும் அடித்துக்கொண்டு வரும். அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு மாதிரி மெல்ல நீண்டு வரும் பாருங்கள், அதுதான் தண்ணீர். காய்ந்து வெடித்த வாய்க்கால் மண் அதைக் குடிக்கும் சத்தம் கேட்கும். மதகு திறந்துவிடும் ஊழியரான லஸ்கர், ஷட்டர் சக்கரத்தில் இரண்டு கையையும் போட்டுத் திருகுவார். ஒவ்வொரு திருகுக்கும் கிரீச்சென்று ஒரு சத்தம், கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக எங்கள் மடைப் பக்கம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி முதல் கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார். பிற்பாடு நான் அதே துறையில் சேர்ந்து அதே சக்கரங்களுக்கு கிரீஸ் போட வைத்தவன். கக்கன் எங்களுக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவு வருவது அந்தச் சத்தம்தான். மருத்துவமனை இல்லை.

1962இல் சமயநல்லூரில் நின்று வென்றார். கொஞ்ச காலம் விவசாயத் துறை. 1963 அக்டோபரில் காமராசர் பதவி விலகி பக்தவத்சலம் முதல்வரானபோது கக்கன் உள்துறைக்கு வந்தார்.

இப்போது மேலூர்க் காவல் நிலையத்துக்குத் திரும்புகிறேன். 1942இல் எந்தக் காக்கிச்சட்டை அவரை அடித்ததோ, இருபத்தொரு வருஷம் கழித்து அந்தத் துறை முழுக்க அவருக்கு சல்யூட் வைத்தது. அவர் உள்துறையில் இருந்த 1964இல்தான் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் உருவாயிற்று. இன்றும் லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்று செய்தி வருகிறதே, பிடிக்கிற அந்தத் துறைதான் அது. கக்கன் லஞ்சம் வாங்கவில்லை என்று ஏழு பிள்ளைகளும் சொன்னார்கள். லஞ்சத்தைப் பிடிக்க ஒரு துறை வந்தது அவர் காலத்தில் என்று ஒரு பிள்ளை சொல்லவில்லை.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கும் சங்கடம்தான். 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். மதுரையில் ஜனவரி 25ஆம் தேதி மாணவர் ஊர்வலத்தில் தொடங்கிய மோதல் மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அரசு ஒப்புக்கொண்ட கணக்கே எழுபது பேர் அளவில் இருந்தது. அதைவிடப் பல மடங்கு என்று சொன்னவர்கள் உண்டு. முடிவுகள் பெரும்பாலும் முதல்வர் பக்தவத்சலத்தின் முடிவுகள் என்றுதான் வரலாறு படித்தவர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் உள்துறை அமைச்சர் கக்கன். அடி வாங்கிய முதுகோடு இருந்த ஒரு மனிதர் பதவியில் இருக்கும்போது பிள்ளைகள்மேல் குண்டு பாய்ந்தது. அவர் தடுத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். முடியவில்லை என்றால் விலகியிருக்கலாம். அவர்மேல் எனக்குள்ள மரியாதை இதைச் சொன்னதால் குறைந்துவிடாது.

இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை மேடையில் பேச வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1967இல் ஏன் தோற்றார் என்பதற்கு நம் உரைகள் தரும் விளக்கம், ‘நன்றி கெட்ட மக்கள் நல்லவரைத் தோற்கடித்தார்கள்’ என்பது. அந்தத் தேர்தலில் கக்கன் மட்டுமா தோற்றார்? விருதுநகரில் காமராசரே தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். அரிசிக்கு மக்கள் பட்ட பாடும், 1965இல் சிந்திய ரத்தமும் சேர்ந்து ஒரு ஆட்சியை வீட்டுக்கு அனுப்பியது. அந்த மக்களில் என் அப்பாவும் ஒருவர். கக்கனைக் கும்பிட்டவர், அந்த முறை அவருக்கு ஓட்டுப் போடவில்லை. நன்றி கெட்டவர் என்று அவரைச் சொல்ல என்னால் முடியாது. வருத்தத்தோடுதான் மாற்றிப் போட்டார். அதற்குப் பிறகும் கக்கன் பேருந்தில் போவதைப் பார்த்தால் எழுந்து நின்று இடம் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

பதவி போனபின் வாடகை வீடு, பேருந்து, அரசு மருத்துவமனை. இதுதான் நீங்கள் சொல்கிற கதை. இதில் எனக்கு ஒரு கேள்வி. காமராசரும் எளிமையாகத்தான் இருந்தார். வாடகை வீடு, கதர்ச்சட்டை, சாகும்போது கையில் ஒன்றும் இல்லை. ஆனால் காமராசரைப் பற்றி உரை எழுதும்போது முதலில் பள்ளிக்கூடம் எழுதுகிறீர்கள், மதிய உணவு எழுதுகிறீர்கள், அணைகள் எழுதுகிறீர்கள், பதவி விலகிய கே-பிளான் எழுதுகிறீர்கள். பிறகு கடைசியில், இவ்வளவும் செய்தவர் எளிமையாக இருந்தார் என்று முடிக்கிறீர்கள். கக்கனுக்கு மட்டும் முதலும் எளிமை, முடிவும் எளிமை. நடுவில் ஒன்றும் இல்லை. ஏன்?

என் மனசில் படுவதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். சேரியில் பிறந்த ஒருவர் ஆட்சி செய்தார், கோப்பில் கையெழுத்துப் போட்டார், போலீசுக்கு உத்தரவு போட்டார், கட்சிக்குத் தலைமை தாங்கினார் என்பதைச் சொல்ல நம் நாக்கு பழகவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல், ஓரமாகப் படுத்துக்கொண்டார் என்பதைச் சொல்வது சுலபமாக வருகிறது. அடக்கமாக இருந்த தாழ்த்தப்பட்டவரை நமக்குப் பிடிக்கிறது. நீங்கள் வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை. நானும் முப்பது வருஷம் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உங்கள் வகுப்பில் அந்தத் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கக்கன் உரையைக் கேட்கும்போது அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம்மில் ஒருவர் அவ்வளவு உயரம் போனார். கடைசியில் தரையில் கிடந்தார். அதற்காகத்தான் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு இது ஆசை காட்டுகிற கதையா? அமைச்சராக வேண்டும், அணை கட்ட வேண்டும், சட்டம் எழுத வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டாமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பத்து வருஷம் அமைச்சராக இருந்த ஒருவர் வயதான காலத்தில் மருந்துக்கும் வாடகைக்கும் திண்டாடினார் என்றால் அதில் அவருடைய நேர்மை தெரிகிறது, சரி. கூடவே அவருடைய கட்சி எங்கே போயிற்று, அரசு எங்கே போயிற்று, வைகைத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்ட நாமெல்லாம் எங்கே போனோம் என்பதும் தெரிகிறது. அந்தப் பொது வார்டை ஒரு முதல்வர் தற்செயலாகக் கடந்து போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை உரையில் சேருங்கள். கேட்கிறவர்கள் அழுதுவிட்டுப் போகாமல் கொஞ்சம் தலைகுனிந்து போகட்டும்.

அதனால் உங்களிடம் நான் வேண்டுவது சின்னதுதான். மருத்துவமனைக் காட்சியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதைக் கடைசி அரை நிமிஷத்துக்குத் தள்ளுங்கள். மீதி மூன்றரை நிமிஷத்தில் அவர் கோயில் படி ஏறட்டும், விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டும், அடி வாங்கட்டும், டெல்லியில் உட்காரட்டும், தண்ணீர் திறக்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை கையை நீட்டித் தரையைக் காட்டுவதற்குப் பதிலாக ஷட்டர் சக்கரத்தைத் திருகிக் காட்டட்டும். இரண்டு கை, தோள் முழுக்கச் சாய்த்து. எப்படி என்று நானே வந்து சொல்லிக் கொடுக்கிறேன்.

ஜூன் 18 அவர் பிறந்தநாள். பள்ளி திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்; பாடச் சுமை இன்னும் ஏறியிருக்காது. அந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலையில் தும்பைப்பட்டி மணிமண்டபம். பிறகு மதுரைக்குப் போய் மீனாட்சியம்மன் கோயில். உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் ஒரு ஐந்து நிமிஷம் நின்று 1939ஐச் சொல்லுவோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கள்ளந்திரி. எனக்குத் தெரிந்த லஸ்கர் ஒருவர் இன்னும் பணியில் இருக்கிறார். அனுமதி வாங்கி, சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க விடுவார். போட்டியில் பரிசு வாங்கிய அந்தப் பிள்ளையைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவளிடம் நான் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. பதிலை நாங்கள் இரண்டு பேருமாகக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம்.

மரியாதையுடனும் அன்புடனும்,
ஓய்வுபெற்ற பாசனப் பிரிவு ஊழியன்,
மேலூர்.